மூணையும் எரிச்சாச்சு

வட்டு இல்லை என்றது கம்ப்யூட்டர்.

வட்டு, அதாவது சிடி, உள்ளேதான் இருந்தது. முனீஸ்வரி தன் கையாலேயே வைத்துத் தட்டை உள்ளே தள்ளியிருந்தாள். மறுபடி வெளியே எடுத்தாள், துப்பட்டாவில் துடைத்தாள், வைத்தாள். பெட்டி கொஞ்ச நேரம் வெறும் கிரைண்டர் ஓடுவது மாதிரி சத்தம் போட்டுவிட்டு அதையே சொன்னது.

"என்னம்மா, முடிஞ்சதா?" என்று உள்ளறையிலிருந்து வக்கீல் சூரியபிரகாஷ் கேட்டார்.

"வட்டு இல்லைங்குது சார்."

"இருக்குன்னு சொல்லு."

கோர்ட்டிலும் அவர் இப்படித்தான். இருப்பதை இருக்கு என்று சொன்னால் போதும், ஜெயித்துவிடலாம் என்று நம்புகிறவர். அதனால்தான் இன்னமும் அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறைக்கும் டயர் கடைக்கும் நடுவில் ஆபீஸ் வைத்திருந்தார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அன்னக்கொடியின் வழக்கு. வீடியோ இருக்கு, வீடியோ இருக்கு என்று வாய்தா வாங்கியே காலம் ஓட்டியாயிற்று. இதுதான் கடைசி, சிடியாகத் தாக்கல் செய்யுங்கள், இல்லாவிட்டால் வீடியோ இல்லாமலேயே வழக்கை நடத்துங்கள் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். கோர்ட்டுக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, தங்களுக்கு ஒன்று. மூன்று வட்டு வேண்டும்.

அன்னக்கொடிக்கு எழுமலைக்குப் பக்கத்தில் நிலம். கண்மாயிலிருந்து வரும் வாய்க்கால் அவளுடைய அண்ணன் தவசியின் வயலைத் தாண்டித்தான் அவள் வயலுக்கு வரவேண்டும். தவசி ஒரு நாள் ஜேசிபியைக் கூப்பிட்டு வாய்க்காலை மூடிவிட்டார். கேட்டதற்கு, எந்த வாய்க்கால், இங்கே வாய்க்காலே இருந்ததில்லையே என்றார்.

சண்டை தண்ணீரில் தொடங்கவில்லை. அன்னக்கொடி மகன் கல்யாணத்துக்கு வைத்த பிளக்ஸ் பேனரில் தொடங்கியது. தாய்மாமன் படத்தைக் கீழ் மூலையில், சமையல்காரரின் போன் நம்பருக்குப் பக்கத்தில் அச்சடித்துவிட்டார்கள். மண்டபத்துக்கு வந்த பாதிப்பேர் தவசிதான் சமையல்காரர் என்று நினைத்து, பிரியாணி என்ன ரேட்டுக்குப் போடுவீர்கள் என்று அவரிடமே கேட்டார்கள். அன்றைக்கு அண்ணன் தங்கை பேச்சு நின்றது. அடுத்து தண்ணீர் நின்றது. வெங்காயம் நட்டிருந்த அன்னக்கொடி, கிணற்றில் கிடந்த கொஞ்சத்தைச் சுரண்டி ஊற்றிக்கொண்டிருந்தாள். அதுவும் இந்த மாதத்தோடு சரி.

அவளிடம் இருந்தது ஒரே சாட்சி. மகன் நாலு வருஷத்துக்கு முன்னால் விளையாட்டாக எடுத்த வீடியோ. எடுத்த போன் செத்துப்போய் மெமரி கார்டில் மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது. மண்வெட்டியால் மடையை வெட்டிவிடுகிறவர் சாட்சாத் தவசி. "எந்தங்கச்சி வயலுக்குப் பாஞ்ச பெறகுதான் எனக்கு" என்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். வாய்க்காலே கிடையாது என்கிற மனுஷன், வாய்க்காலுக்குள்ளேயே முழங்கால் தண்ணீரில் நின்று சிரிக்கிறார். இதற்கு மேல் ஒரு வக்கீல் வாயைத் திறக்கவே தேவையில்லை. வட்டில் ஏற்றிக் கொடுத்தால் போதும்.

ஏற்றுவதில்தான் வினை.

பழைய கம்ப்யூட்டர் வைரஸ் பிடித்து வக்கீல் நோட்டீசை எல்லாம் தின்ற பிறகு, வக்கீலின் மச்சினன் சிவக்குமார் வந்து அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். காசு கிடையாது, வைரஸ் வராது. போடும்போது எந்த மொழி என்று கேட்டது. தமிழில் வாதாடுகிறவன் கம்ப்யூட்டர் தமிழில் பேசக்கூடாதா என்று வக்கீல் தமிழைத் தட்டச் சொல்லிவிட்டார். அதிலிருந்து முனீஸ்வரி 'கோப்புறை' எது, 'சாளரம்' எது என்று இருட்டில் சாவி தேடுவது மாதிரி தேடிக்கொண்டிருந்தாள்.

மதுரையில் சிடி போடுவது என்பார்கள், ரைட் பண்ணுவது என்பார்கள், காப்பி அடிப்பது என்பார்கள். இந்தக் கம்ப்யூட்டரில் இருந்த பிரசெரோ என்கிற மென்பொருள் வேறு மாதிரி கேட்டது. காலையில் முதன்முதலாக அதைத் திறந்தபோது முனீஸ்வரி பயந்தே போனாள்.

"சார், எரிக்கவான்னு கேக்குது."

"எதை?"

"வட்டை."

வக்கீல் வந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். இங்கிலீஷில் இதற்கு எரிப்பது என்றுதான் பேர், உள்ளே இருக்கிற லேசர் வட்டைச் சுட்டுச் சுட்டு எழுதுகிறது, அதை அப்படியே தமிழாக்கிவிட்டார்கள், எரித்தால் பதிந்தது என்று அர்த்தம், தைரியமாக எரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

முனீஸ்வரியின் அப்பா கல்குவாரியில் வெடி வைத்தவர். தெரியாத பொத்தானைத் தொடாதே என்று சொல்லி வளர்த்திருந்தார். அவள் அதை மறந்து எரி என்பதை அமுக்கினாள். 'உருவம் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டது' என்று வந்தது. வட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறையில் இருந்த டிவிடி பிளேயரில் போட்டுப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. திரும்பி வந்து மறுபடி எரித்தாள். மறுபடி வெற்றி. மறுபடி ஒன்றும் இல்லை. இப்படி வெற்றிமேல் வெற்றியாகப் போய், கடைசியில் 'இடம் இல்லை' என்றது கம்ப்யூட்டர். வக்கீல் அவசரமாக அடித்துவைத்த ஜாமீன் மனுவைக்கூட சேமிக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது.

"முன்னாடி வட்டு இல்லைன்னுச்சு, இப்ப இடம் இல்லைங்குது. அடுத்து நான் இல்லைன்னு சொல்லிரும் போல" என்றார் வக்கீல்.

தெருவில் இருந்த ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோ எல்லாம் கேட்டாயிற்று. பென்டிரைவ் என்றால் இப்போதே என்றார்கள். சிடி என்றதும் அம்மிக்கல் கொத்துகிறவனைத் தேடுகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அன்னக்கொடி கையில் ஒரு பை கத்திரிக்காயோடு வந்து சேர்ந்தாள். சங்கதியைக் கேட்டுக்கொண்டாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"சொந்தத்துல ஒரு பிள்ள இருக்கு தாயி. கம்ப்யூட்டர் கம்பெனியில வேல. இந்த லினெக்ஸோ என்னமோ, அதத்தான் அங்கயும் பாக்குதாம். வெவரமான பிள்ள. கேட்டுப் பாரு. சும்மா வளவளன்னு பேசாத, வேல நேரம்."

முனீஸ்வரி கூப்பிட்டாள். மறுமுனையில் சின்னக் குரல், சிரிக்கிற குரல். எத்தனை தடவை எரித்தீர்கள் என்று கேட்டு, கணக்கில்லை என்றதும் இன்னும் சிரித்தது.

"அக்கா, அது வட்டுலயே எரிக்கல. வட்டு கண்ணுக்குத் தெரியலேன்னா, உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு நகல் எடுத்து வச்சிட்டு வெற்றின்னு சொல்லும். நீங்க அமுக்கின தடவைக்கெல்லாம் ஒண்ணு கெடக்கும் பாருங்க."

இருந்தது. பாயைத் தூக்கினால் கரப்பான் பூச்சி மாதிரி வரிசையாக இருந்தது. அந்தப் பெண் சொல்லச் சொல்ல முனீஸ்வரி எல்லாவற்றையும் அழித்தாள். கம்ப்யூட்டர் மூச்சுவிட்டது. மென்பொருளில் குற்றமில்லை, உள்ளே இருக்கிற டிரைவ் செத்துவிட்டது, யூஎஸ்பியில் மாட்டுகிற டிவிடி ரைட்டர் ஒன்று வாங்குங்கள், கூடவே எக்ஸ்எஃப்பர்ன் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள், சின்னது, நாலே பொத்தான், குழப்பாது என்றாள் அந்தப் பெண்.

"என்ன வீடியோக்கா அது, இம்புட்டு அவசரமா?"

"கேஸ் விஷயம்மா. வெளிய சொல்லக்கூடாது" என்றாள் முனீஸ்வரி. சொல்லக்கூடாது என்பதாலேயே வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு பெரிய மனுசன், வாய்க்காலே இல்லைன்னு கோர்ட்டுல சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. இதுல பாத்தா வாய்க்காலுக்குள்ள நின்னு தங்கச்சிக்குத் தண்ணி பாச்சிக்கிட்டு இளிக்கிறாரு."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"அப்பிடியாக்கா. அப்ப நல்லா எரிங்க. எரிச்சதும் ஓட்டிப் பாத்திருங்க. இந்த வட்டுல ஒருவாட்டி எரிச்சா எரிச்சதுதான், அப்பறம் மாத்தவே முடியாது. நான் பேசினத யார்ட்டயும் சொல்லிக்கிற வேணாம்."

வேலை நேரத்தில் பேசியது தெரிந்தால் மேனேஜர் வைவார்போல என்று முனீஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

ரைட்டர் வாங்க ஷேர் ஆட்டோ பிடித்துப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மகாலுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் நடந்தாள். அங்கே அல் அமீன் பாயின் கடை. ரேடியோ, டேப் ரிக்கார்டர், விசிடி பிளேயர் என்று செத்துப்போன சாமான்கள் எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. டிவிடி ரைட்டர் என்றதும் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வக்கீலாபீஸா?"

"எப்பிடித் தெரியும் பாய்?"

"வேற யாரு கேக்குறா. கோர்ட்டு மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ கடைய மூடிட்டுப் பேரனத் தூக்கிக்கிட்டு இருந்திருப்பேன். அல்லாஹ் புண்ணியத்துல சனங்க சண்ட போட்டுக்கிட்டே இருக்காக."

ரைட்டரையும் ஒரு கொத்து வெற்று வட்டையும் கட்டிக் கொடுத்துவிட்டு, எந்த மென்பொருள் போடுகிறாய் என்று விசாரித்தார். எக்ஸ்எஃப்பர்ன் என்றதும் உதட்டைப் பிதுக்கினார். கே-த்ரீ-பி போடு, அதுதான் ராஜா, அதில் இல்லாத வசதியே கிடையாது என்றார். திரும்பி வரும் வழியில் சிவக்குமாரைக் கூப்பிட்டால், இருக்கிற பிரசெரோவே போதும், எவன் பேச்சையும் கேட்காதே என்றான்.

மூன்று மென்பொருள், மூன்று தரகர். முனீஸ்வரிக்கு மாப்பிள்ளை பார்த்த நாட்கள் ஞாபகம் வந்தன. அப்போதும் வசதியான இடம் என்று ஒருவன், தெரிந்த இடம் என்று ஒருவன், தொந்தரவில்லாத இடம் என்று ஒருவன். அவள் கட்டியது தொந்தரவில்லாதவனை. அந்த அனுபவத்தை இங்கே பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் அல் அமீனுக்கு வயசு அதிகம் என்பதால் வசதியான இடத்தையே முதலில் பார்த்தாள்.

கே-த்ரீ-பி இறங்கத் தொடங்கியது. அது தனியாக வருகிற ஆள் இல்லை. சித்தப்பன், பெரியப்பன், ஒன்றுவிட்ட மச்சான் என்று ஒரு வேன் நிறையத் துணைக் கோப்புகளைக் கூட்டிக்கொண்டுதான் வரும். ஆபீசில் இணையம் கிடையாது, வக்கீலின் போனிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் வக்கீல் அதே போனில் ஒரு வழக்குக்காக வீடியோவில் ஆஜராகியிருந்தார். "மை லார்ட், என் கட்சிக்காரர் ஒரு அப்பாவி" என்று தொடங்கி, அப்பா என்கிற இடத்தில் வாய் திறந்தபடி உறைந்துவிட்டார். அன்றைய டேட்டா முடிந்திருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பயன்படுத்திக்கொண்டு வேண்டிய மட்டும் பேசிவிட்டுப் போனார்.

வக்கீல் வெளியே வந்தார். முனீஸ்வரியைப் பார்த்தார். போனுக்கு டாப்-அப் போட்டுவிட்டு உள்ளே போனார். வைதிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை.

இறங்கிய கே-த்ரீ-பியைத் திறந்தால், ஒரு காபி போடக் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுக்குள் போன மாதிரி இருந்தது. அண்டா குண்டா எல்லாம் இருந்தது. காபிச் சட்டி எங்கே என்று தெரியவில்லை. நல்ல சாமான்தான், அவளுக்கு இல்லை. மூடிவிட்டு, அந்தப் போன் பெண் சொன்ன எக்ஸ்எஃப்பர்னை இறக்கினாள். கண் மூடித் திறப்பதற்குள் வந்து உட்கார்ந்தது. நாலே பொத்தான். வீடியோவை இழுத்துப் போட்டாள், வட்டை வைத்தாள், எரி என்பதை அமுக்கினாள். பட்டை நகர்ந்தது. பாதி போயிருக்கும், மேலே டியூப் லைட் ஒரு முறை கண் சிமிட்டியது. ரைட்டர் விக்கியது. வட்டு பாழ்.

பக்கத்துப் பட்டறையில் பாண்டியராஜன் வெல்டிங் வைத்திருந்தார். அவர் கம்பியைத் தொடும்போதெல்லாம் தெருவுக்கே வெளிச்சம் மங்கும். இத்தனை நாளாக அது முனீஸ்வரிக்குப் பழகிப்போயிருந்தது. ரைட்டருக்குப் பழகவில்லை.

அவள் போய், கொஞ்ச நேரம் வெல்டிங்கை நிறுத்த முடியுமா அண்ணே என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"நான் எரிக்கிறப்ப நீங்களும் எரிச்சா ரெண்டும் கெட்டுப்போகுதுண்ணே."

பாண்டியராஜனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் நல்ல மனுஷன். கோயில் கேட் ஒன்றைப் பாதியில் போட்டுவிட்டு, வேலையாட்களோடு வந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்றார். எல்லாரும் உலை கொதிப்பதைப் பார்ப்பது மாதிரி அந்தப் பட்டையைப் பார்த்தார்கள். முதல் வட்டு முடிந்தது. ஓட்டிப் பார்த்தாள். திரையில் தவசி தண்ணீருக்குள் நின்று சிரித்தார். இரண்டாவது. மூன்றாவது. மூன்றிலும் சிரித்தார்.

முனீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து சாப்பிடவில்லை.

"சார், எரிச்சாச்சு. மூணையும் எரிச்சாச்சு."

வாசல் பெஞ்சில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்த அன்னக்கொடி திடுக்கிட்டு எழுந்தாள்.

"எத தாயி எரிச்ச?"

"உங்க சிடியத்தாம்மா. கார்டுல இருந்தத ஒண்ணு விடாம எரிச்சாச்சு. இனிமே யாரு நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. நிம்மதியா ஊருக்குப் போங்க."

அன்னக்கொடி பாண்டியராஜனைப் பார்த்தாள். முகமெல்லாம் கரி, கையில் வெல்டிங் கண்ணாடி. ஆபீஸ் முழுக்கப் பட்டறை நெடி.

"வக்கீலுக்குத் தெரியுமா?"

"சார் சொல்லித்தானம்மா எரிச்சேன்."

அன்னக்கொடி கத்திரிக்காய்ப் பையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கொண்டுவந்ததை ஏன் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று முனீஸ்வரிக்கு ஒரு நொடி தோன்றியது. பசியில் அதைப் பெரிதுபண்ணவில்லை.

விஷயம் உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறியது. பஸ்ஸில் அன்னக்கொடி அழுததைப் பார்த்தவர்கள் காரணம் கேட்டார்கள். வக்கீலாபீசில் சாட்சியை எரித்துவிட்டார்கள் என்று அவள் சொன்னாள். எழுமலை போய்ச் சேர்வதற்குள் அது, அன்னக்கொடி சாட்சியை எரித்துவிட்டாள் என்று சுருங்கிவிட்டது. ஊர் வாய்க்கு நீளமான வாக்கியம் பிடிக்காது.

மறுநாள் காலையில் எதிர்த்தரப்பு வக்கீலே போன் செய்தார். உங்கள் தரப்புச் சாட்சியத்தை நீங்களே கொளுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று சூரியபிரகாஷிடம் விசாரித்தார். சூரியபிரகாஷ் போனை வைத்துவிட்டு முனீஸ்வரியைக் கூப்பிட்டார்.

"அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?"

"எரிச்சாச்சுன்னேன் சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்னக்கொடிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. திங்கட்கிழமை அவள் கோர்ட்டுக்கு வந்து வீடியோ அசல்தான் என்கிற சான்றிதழில் கையெழுத்துப் போடாவிட்டால், வட்டு இருந்தும் இல்லாததுதான். நேரில் போ, வட்டையும் ரைட்டரையும் எடுத்துக்கொண்டு போ, யாரிடமாவது லேப்டாப் வாங்கி ஓட்டிக் காட்டு, இனி உன் வாயில் எரி என்கிற சொல்லே வரக்கூடாது, அடுப்பைக்கூட பற்றவை என்றுதான் சொல்லவேண்டும் என்று அனுப்பிவைத்தார்.

முனீஸ்வரி மூன்று வட்டையும் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு எழுமலை போய் இறங்கினாள். அன்னக்கொடி வயல் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போனாள். தூரத்திலேயே ஜேசிபி சத்தம் கேட்டது. வாய்க்கால் இருந்த இடத்தில் மஞ்சள் வண்டி ஒன்று மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. மிச்சம் மீதி அடையாளத்தையும் அழிக்கிறார்கள் என்று நினைத்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினாள்.

கிட்டே போனதும் கால் நின்றுவிட்டது. வண்டி மூடவில்லை, தோண்டிக்கொண்டிருந்தது. வாய்க்கால் தெளிவாகத் திறந்து கிடந்தது. பின்னாலேயே சேறும் நுரையுமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மண்வெட்டியோடு முன்னால் நடந்தவர், வட்டில் சிரித்த அதே ஆள், கொஞ்சம் நரைத்திருந்தார். வரப்பில் அன்னக்கொடி, கோயிலில் வரம் கேட்கப் போய் சாமியே எதிரில் வந்துவிட்ட மாதிரி, திகைத்து நின்றிருந்தாள்.

முனீஸ்வரியைக் கண்டதும் விறுவிறுவென்று வந்து கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"நெசமாவே எரிச்சிட்டியா தாயி?"

"இல்லம்மா. எரிச்சதுன்னா பதிஞ்சதுன்னு அர்த்தம். பத்திரமா இருக்கு, இந்தா பைக்குள்ள."

அன்னக்கொடி பையைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"ஜிப்ப இழுத்து மூடு. வாயையும் மூடு."

அதற்குள் தவசி வந்துவிட்டார். வக்கீலாபீஸ் பெண் என்று தெரிந்ததும் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். சொல்வதற்கு ஆள் கிடைக்காமல் காத்திருந்த மனுஷன்போல அவர் பேசினார்.

"வாய்க்கால மூடின அன்னிக்கு இவ தடுக்க வந்தா தாயி. மண்வெட்டிய ஓங்கிட்டேன். வாயில வரக்கூடாததெல்லாம் வந்துச்சு. சுத்தி நின்னவன்ல எவனோ போன்ல எடுத்துக்கிட்டு இருந்தான். கோர்ட்டுல சிடி போடப்போறாகன்னதும் அதத்தான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊரு பாத்தாக்கூட போகுது. எம் மக பாப்பாளேன்னு சோறு எறங்கல. நேத்து வந்து சொல்றாக, உந்தங்கச்சி அத எரிச்சுட்டான்னு. நம்ம அண்ணன் மானம் போகக்கூடாதுன்னு எரிச்சிருக்கா. அதுக்குப் பெறகும் இந்த மண்ண இங்கன வச்சிருந்தா நான் என்ன மனுசன்?"

அன்னக்கொடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல நான் நம்பல" என்றார் தவசி. "எம் மகளக் கேட்டேன். மதுரையில கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கவ, நேத்து ராத்திரிதான் லீவுல வந்தா. ஆமாப்பா, அத்த எரிச்சுட்டாக, ஒருவாட்டி எரிச்சா எரிச்சதுதான், அப்பறம் மாத்தவே முடியாதுன்னா. படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான இருக்கும்."

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு எரிப்பது என்றால் என்னவென்றுகூடத் தெரியவில்லையே என்று முனீஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது. இவர்களுக்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லவும் முடியாது. பைக்குள் மூன்று தவசிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"ஐயா, நான் அந்த வீடியோவப் பாத்தேன். அதுல நீங்க மண்வெட்டியத்தான் வச்சிருந்தீக. ஆனா உங்களக் கொறச்சலாக் காட்டுற மாதிரி ஒண்ணும் இல்லைங்கய்யா."

தவசி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தனக்காகப் பொய் சொல்கிறாள் என்று முடிவுசெய்துகொண்டார். "நீ நல்ல பிள்ள" என்றார். "வா, சாப்பிட்டுத்தான் போகணும்."

தண்ணீர் அன்னக்கொடியின் வெங்காயப் பாத்திக்குள் முதல் வரிசையில் ஏறியது. அவள் குனிந்து, அடைத்த மண்ணைக் கையாலேயே தள்ளிவிட்டாள். எழுந்திருக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. முனீஸ்வரி வரப்பில் நின்றபடியே வக்கீலுக்குப் போன் செய்து, தண்ணீர் வந்துவிட்டது, சமாதானம் ஆகும்போல் இருக்கிறது என்றாள். வக்கீல், வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கேஸ் நான் பேசாமலேயே ஜெயித்திருக்கிறது, வட்டைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவா என்றார்.

தவசி வீட்டில் இலை போட்டிருந்தார்கள். அன்னக்கொடி அண்ணன் வீட்டு வாசல்படியில் காலை வைக்கத் தயங்கி, பிறகு உள்ளே போய் உரிமையோடு குழம்புச் சட்டியைத் திறந்து உப்புப் பார்த்தாள். அடுத்த விசேஷத்துக்கு வைக்கிற பிளக்ஸில் முழுக்க அண்ணன் படம் மட்டும்தான், மற்றவர்கள் எல்லாம் சமையல்காரர் நம்பருக்குப் பக்கத்தில் என்று அவள் சொல்ல, தவசி வெகுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். வட்டில் கேட்ட அதே சிரிப்பு.

முனீஸ்வரி பையை மடியிலிருந்து இறக்காமலே சாப்பிட உட்கார்ந்தாள். தவசியின் மகள் தமிழ்வாணி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அப்பா பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து டம்ளரில் ஊற்றியபடி, முனீஸ்வரிக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சிரிக்கிற குரலில் கேட்டாள்:

"எக்ஸ்எஃப்பர்ன் நல்லா எரிச்சுச்சாக்கா?"